ஞாயிறு விடுமுறை எடுத்த வானம்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்குத் தின்றதெல்லாம் இன்று ரத்தப் பரிசோதனைத் தாளில் வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 268. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த பகவதியைத்தான் திட்டினார். வீடு வந்து சேரும்வரை அவள் அதை ஒரு சொல் குறையாமல் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதிவைத்து மாதாமாதம் காட்ட வேண்டுமாம். கூட்டுறவு வங்கிக்காரர்கள் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது, முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இது சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

நவம்பர் 6, புதன்

காலை: இரண்டு இட்லி. மதியம்: பகவதி மூன்றடுக்குக் கேரியரில் குதிரைவாலிச் சோறும் கீரையும் பாகற்காயும் கட்டிக்கொடுத்தாள். மாலை வீடு திரும்பும்போது கேரியர் காலி. இரவு: ஒரு சப்பாத்தி.

டாக்டர் சாப்பாட்டை மட்டும்தான் எழுதச் சொன்னார். ஆனால் இருபத்தாறு வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவனுக்கு நான்கு வரியில் நிறுத்த வராது. வேறொரு விஷயமும் இருக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர்களின் விண்வெளி ஆய்வுக்கு நிதி தருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. டிசம்பர் 16 கடைசி நாள். இதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் எனக்கு வெட்கத்தோடு போகும். பெனிட்டாவுக்கு அப்படியில்லை. அவள் எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர், ஏப்ரலோடு அவளை அனுப்பிவிடுவார்கள். நிதி வந்தால் மூன்று வருடத்துக்கு ஆய்வாளர் பணி அவளுக்குத்தான் என்று விண்ணப்பத்திலேயே எழுதப்போகிறேன்.

நவம்பர் 14, வியாழன்

காலை: கம்பு தோசை. கேரியர் காலி.

இன்று பெனிட்டா கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், டாக்டருக்கும் பொழுது போகும். மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் கொண்ட ஒரு காற்றடுக்கு இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அது கொந்தளிக்கும். அதன் வழியாக வருகிற செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரத்தைப்போல மினுக்கும். பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் ஊர்ப்பக்கமாகப் போவதால் இங்கே மினுக்கம் அதிகம். இதைப் பதிவுசெய்யத்தான் அக்டோபரில் துறைக் கட்டிடத்து மொட்டைமாடியில் இரவல் ஏரியல் ஒன்றை நட்டோம். மேலே போக இரும்பு ஏணி. அதில் ஏறினால் பெனிட்டாவுக்குத் தலை சுற்றும். சாவி என்னிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு நான் ஒரு நடை ஏறி ஏரியலைப் பார்த்துவிட்டு ஆறு இருபது பல்கலைக்கழகப் பேருந்தைப் பிடிப்பேன்.

மினுக்கம் எல்லா ஊரிலும் இரவு ஏழரை, எட்டுக்குமேல்தான் தொடங்கும். எங்கள் படத்தில் ஆறு பத்துக்கே சிக்னல் சடாரென்று விழுகிறது, ஆறரைக்கு எழுந்துகொள்கிறது. நேற்றுவரை ஏழு நாள் இப்படி. இவ்வளவு சீக்கிரம் மினுக்கியதாக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

புதிதாக ஒன்றும் இல்லையாம்! இருக்கட்டும், பார்ப்போம்.

நவம்பர் 18, திங்கள்

கேரியர் காலி. ஒரு கையெழுத்துக்காகக் கேன்டீன் பக்கம் போகவேண்டியிருந்தது. அங்கே புதிய பரோட்டா மாஸ்டர் வந்திருக்கிறார். விருதுநகர்க்காரர், கை சுத்தம்.

நவம்பர் 25, திங்கள்

காலை: கேழ்வரகுப் புட்டு. கேரியர் காலி. மாடியில் முழு மயிலிறகு ஒன்று கிடந்தது. கொண்டுவந்து பகவதியிடம் கொடுத்தேன். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் முதல்முறையாக ஏதோ கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தொலைக்காட்சிக்கு மேலே செருகினாள். எங்கள் வளாகத்தில் மாணவர்களைவிட மயில்கள் அதிகம். வருகைப்பதிவிலும் அவைதான் ஒழுங்கு.

டிசம்பர் 5, வியாழன்

கேரியர் காலி.

பெனிட்டா நாள்வாரியாகப் படம் போட்டுக்கொண்டு வந்தாள். திங்கள் முதல் சனிவரை ஆறு பத்துக்குப் பள்ளம். ஞாயிறு மட்டும் சமதளம். “ஏன் சார் ஞாயித்துக்கிழம வரமாட்டேங்கு?” என்று கேட்டாள். நாலே நாலு ஞாயிறை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது ஆய்வாளருக்கு அழகில்லை என்றேன். சனிக்கிழமை ஆய்வக வகுப்பு இருக்கிறது, ஞாயிறு வளாகமே அடங்கிக் கிடக்கிறது, மின்சாரத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்கலாம் என்றும் சொன்னேன். அப்படியென்றால் பள்ளம் வானத்திலிருந்து வரவில்லை, மின்சாரத்திலிருந்து வருகிறது என்றாகாதா என்று கேட்டாள். கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டேன். விண்ணப்பம் எழுதுகிற நேரத்தில் குதர்க்கம் பேசாதே என்று சொன்னேன். படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 16, திங்கள்

காலை சாப்பிட நேரமில்லை. பதிவாளர் கையெழுத்துக்கு மழையில் மூன்று நடை. அங்கிருந்த எழுத்தர், ஒரே வானத்துக்கு எதற்கு சார் மூன்று ஏரியல் என்று விசாரித்தார். நாற்பத்தொரு பக்கமும் மாலை நாலரைக்கு இணையத்தில் ஏறின. எட்டாம் பக்கத்தில் நான்காவது படமாக எங்கள் ஆறு பத்துப் பள்ளம், வண்ணத்தில். பெனிட்டா கேக் வாங்கிவந்தாள். ஒரு துண்டு. (சிறிய துண்டு.)

கேரியர் காலி.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் விடுமுறை ஒன்பது நாள் முடிந்து நேற்று கல்லூரி திறந்தது. வீட்டில் பகவதி கண்ணெதிரே உட்கார்ந்து பரிமாறியதில் இரண்டு கிலோ இளைத்திருக்கிறேன்.

ஒன்பது நாளும் படம் சமதளம். நேற்று ஆறு பத்துக்குப் பள்ளம் வந்துவிட்டது. இந்த முறை பெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை. படத்தை என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். நான் சமதள நாட்களை எண்ணத் தொடங்கினேன். பாதியில் ஒரு தொலைபேசி வந்தது. அப்புறம் எண்ணவில்லை.

கேரியர் காலி.

ஜனவரி 24, வெள்ளி

முதல் சுற்றில் தேர்வாகிவிட்டோம்! பிப்ரவரி 19, திருவனந்தபுரத்தில் குழுவின் முன்னால் விளக்க வேண்டும். கடிதத்தில் நான்காவது படத்தைத் தனியாகக் குறிப்பிட்டு, ‘இது குறித்து விரிவாகப் பேசவும்’ என்று இருக்கிறது. பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்பாவிடம் இன்றே சொல்லப்போகிறாளாம். நிதி உறுதியான பிறகு சொல்லலாமே என்றேன்.

பகவதி கோவிலுக்குப் போய்வந்தாள். சர்க்கரைப் பொங்கலை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்ன பக்தியோ!

பிப்ரவரி 2, ஞாயிறு

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு நேரடி வகுப்பு, அதனால் ஞாயிறன்றும் கல்லூரி. பகவதி கேரியர் கட்டினாள். வழக்கம்போல ஆறு மணிக்கு மாடி, ஆறு இருபதுக்குப் பேருந்து.

வீட்டுக்கு வந்ததும் பெனிட்டாவின் அழைப்பு. குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. “சார், ஞாயித்துக்கிழமையும் வந்துட்டு! ஆறு பன்னெண்டுக்கு. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிருங்க சார்.”

கேரியர்

பிப்ரவரி 3, திங்கள்

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றிலிருந்து டைரியைப் பையில் வைத்துக்கொள்கிறேன். மேசையில் ஊறுகாய் எண்ணெய் சிந்துகிறது.

சரி, எழுதிவிடுகிறேன். குதிரைவாலிச் சோறு எனக்கு இறங்கவில்லை. முதல் நாளிலிருந்தே இறங்கவில்லை. மதியம் கேன்டீனில் சாப்பிடுகிறேன். பகவதி விடிகாலையில் எழுந்து சமைத்ததைக் குப்பைத்தொட்டியில் கொட்டக் கை வரவில்லை. அதனால் மாலையில் மாடிக்குப் போகும்போது தண்ணீர்த்தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு வருவேன். ஏதாவது ஜீவன் தின்றால் புண்ணியம் என்று நினைத்தேன். அந்தச் சுவருக்கு இரண்டடி தள்ளித்தான் ஏரியல் நிற்கிறது.

இன்று சோற்றை வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடவில்லை. ஏணியில் இரண்டு படி இறங்கி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். ஆறு எட்டுக்கு மூன்று பெட்டைமயில்கள் வந்தன. ஆறு பத்துக்கு ஆண்மயில் வந்து, கொஞ்சம் கொத்திவிட்டு, ஏரியல் தலையில் ஏறி நின்றுகொண்டது. அதற்கு அது சரியான உயரம். பாகற்காயை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பெட்டைகள் தின்று முடிக்கிறவரை அங்கேயே காவல் நின்றது. ஆறு இருபத்தெட்டுக்கு எல்லாம் பறந்துபோயின.

மூன்று மாதமாக நான் கண்டுபிடித்த புதிய வானம் இதுதான். பேருந்து போய்விட்டது. நடந்தே பிரதான சாலைக்கு வந்தேன். அவமானமாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லக்கூட முடியாது. டிசம்பரில் அந்தப் பெண் கேட்டாளே, அன்றைக்கே எனக்குள் ஏதோ இடறியது. இடறிய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனேன்.

பிப்ரவரி 5, புதன்

நேற்று இரவு முழுக்க ஒரு யோசனை சுற்றிச்சுற்றி வந்தது. மயிலைப் பற்றி எனக்கும் மயிலுக்கும்தான் தெரியும். குழுவில் யாரும் எங்கள் மாடிக்கு ஏறப்போவதில்லை. நிதி வந்தபிறகு ஏரியலை இடம் மாற்றிவிட்டால் பள்ளம் தானாக நின்றுவிடும். ‘பருவம் மாறியது’ என்று எழுதிக்கொள்ளலாம். பெனிட்டாவுக்கு வேலை கிடைத்துவிடும். அவளுக்காகத்தானே என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் அவள் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கேரியரில் தொடங்கி மயில் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒட்டிய படத்தின் நான்கு மூலையையும் மெதுவாக உரித்தாள்.

“நான் டிசம்பர்லயே கேட்டேன்லா சார்” என்றாள்.

“கேட்ட. நான்தான் வாய அடச்சுட்டேன். தப்பு என் பேர்லதான்” என்றேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம், அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கணினிமுன் உட்கார்ந்தாள்.

“அந்தப் படத்த எடுத்துருவோம் சார். எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்.”

பிப்ரவரி 10, திங்கள்

ஐந்து நாளாக மாடியில் சோறு வைக்கவில்லை. முதல் இரண்டு நாள் மயில் பழக்கதோஷத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிற்று. பள்ளமும் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து இரண்டும் இல்லை. மதியம் கேரியரில் கால்வாசி இறங்கியது. மீதியை வளாகத் தோட்டக்காரரின் மாட்டுக்குக் கொடுத்தேன்.

பெனிட்டா வேறொன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் ஏரியல் ஒரே செயற்கைக்கோளிலிருந்து இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்குகிறது. நான் அவசரத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டையும் சேமித்துவைத்திருக்கிறாள். இரவு எட்டு மணிக்கு வரும் உண்மையான மினுக்கத்தில் ஓர் அலைவரிசை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் ஆடுகிறது. மயில் நின்றால் இரண்டும் ஒரே அளவில் விழுகின்றன. வானம் மினுக்குகிறதா, மாடியில் ஏதாவது ஏமாற்றுகிறதா என்று ஒரு நிமிடத்தில் பிரித்துச்சொல்ல ஒரு கணினி நிரல் எழுதிவிட்டாள். மரக்கிளை, துணிக்கொடி, காக்கை என்று ஒவ்வொரு கல்லூரி மாடியிலும் ஏதாவது இருக்கத்தானே செய்யும்?

மாட்டுக்குப் பாகற்காய் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 19, புதன், திருவனந்தபுரம்

திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

எனக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். குழுவில் ஐந்து பேர். எழுந்ததும் முதல் வாக்கியமாக, எட்டாம் பக்கத்து நான்காவது படத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காரணம் கேட்டார்கள். பக்கம்பக்கமாக இரண்டு வரிசை போட்டுக் காட்டினேன். ஒன்று சிக்னல் விழுந்த நாட்கள், இன்னொன்று நான் சோறு வைத்த நாட்கள். பிறகு மயிலின் புகைப்படம். கடைசி நாற்காலியில் இருந்தவர் சத்தமாகச் சிரித்தார். என் காது சுட்டது. மீதி பதினைந்து நிமிடமும் பெனிட்டாவின் நிரலைப் பற்றித்தான் பேசினேன். அவள் பெயரைச் சொல்லி, தவறை முதலில் கேட்டவள் அவள்தான் என்றும் சொன்னேன். சிரித்தவர் அந்த நிரலை இன்னொரு முறை ஓட்டிக்காட்டச் சொன்னார்.

வெளியே தேநீர் மேசையில் குழுவில் இருந்த அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். ரங்கநாயகி, கும்பகோணத்துக்காரர். கையில் எங்கள் விண்ணப்பம். எட்டாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலில் வட்டம்.

“நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள உங்க ஊர்ல சூரியன் மறையற நேரம் அரைமணி தள்ளிப் போயிடறது. டிசம்பர்லயே கொஞ்சம் தள்ளியாச்சு. உங்க வானம் மட்டும் ஆறு பத்தை விட்டு நகரவே இல்லை. ஞாயித்துக்கிழமை லீவு வேற எடுத்துக்கறது” என்றார். “நீங்களா சொல்றேளான்னுதான் காத்துண்டிருந்தேன்.”

தேநீரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். குடித்துவிட்டேன். நிதி வருமா வராதா தெரியாது. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அது உட்கார்ந்திருந்ததே இறங்கியபிறகுதான் தெரிகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் பகவதி, “டைரி எங்க? நாளைக்கு டாக்டர்ட்ட போணும்லா” என்றாள். பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பிப்ரவரி நான்காம் தேதியைப் படி என்றேன். அடுக்களையில் நின்றபடியே படித்தாள். நான் கூடத்தில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் முகத்தில் கோபமில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“இது எனக்கு நவம்பர்லயே தெரியும்” என்றாள். “டாக்டர் என்ன சாப்பிட்டியன்னு எழுதச் சொன்னாரு. காலையில இட்லி, ராத்திரி சப்பாத்தின்னு ஒழுங்கா எழுதுதிய. மத்தியானத்துக்கு மட்டும் கேரியர் காலின்னு எழுதுதிய. சாப்பிட்டேன்னு ஒருநாளாவது எழுதிருக்கியளா?”

மூன்று மாதப் பக்கங்களையும் புரட்டிப்பார்த்தேன். ஓரிடத்தில்கூட இல்லை. பொய் எழுதவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு ஒரு பெருமை வேறு.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். எப்போதாவது நானாகச் சொல்வேன் என்று பார்த்தாளாம். தவிர, தன் கைச்சோற்றை மயிலாவது ருசித்துத் தின்றதே என்றாள். அதற்குப்பிறகு கொஞ்சம் அழுதாள். நானும்தான். இனிமேல் பாகற்காய் வாரம் ஒருநாள் மட்டும் என்று உடன்பாடு ஆகியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது! மூன்று ஏரியல் கேட்டோம், இரண்டுக்கு அனுமதி. பெனிட்டாவின் பணி முழுதாக மூன்று வருடம். மற்ற ஊர்களின் பதிவுகளையும் அவள் நிரலில் போட்டுச் சலித்துத்தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை. ஏரியல்களுக்குப் பறவைத் தடுப்பு அமைத்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும்.

பெனிட்டா இன்று முதல்முறையாக இரும்பு ஏணியில் ஏறினாள். பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனாலும் இறங்கவில்லை. மேலே வந்து தண்ணீர்த்தொட்டிச் சுவரைப் பார்த்ததும் ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

மார்ச் 17, திங்கள்

சர்க்கரை 171. டாக்டர் பகவதியைப் பாராட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

ஆண்மயில் இன்று வந்து புதிய கம்பிவலையைச் சுற்றிப்பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. அது வேதியியல் துறை. அவர்கள் பாடு.

காலை: இரண்டு இட்லி. மதியம்: குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, பாகற்காய் (திங்கட்கிழமைப் பங்கு). சாப்பிட்டேன்.